மைக் செட் சிங்காரத்தின் காது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வெட்டி ஒட்டிக் கொடுத்த முதல் ஆள் நான்தான். வேறு யாராவது தான்தான் முதல் என்று சொன்னால் அவரை என்னிடம் அனுப்புங்கள். எந்த வருஷம், என்ன மெஷின் என்று இரண்டே கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அடுத்தவன் கேமராவுக்கு லைட் பிடித்து ஆரம்பித்தேன். சூடு பட்ட தழும்பு முழங்கையில் இன்னும் இருக்கிறது. பிறகு சொந்தக் கேமரா, அதற்குப் பிறகு சொந்தக் கடை, ‘தங்கம் வீடியோ’ என்று பச்சை எழுத்தில் போர்டு. தங்கராசு என்ற என் பெயரில் பாதியைத்தான் போர்டுக்குக் கொடுத்தேன். அந்தப் பாதிக்கே ஊர் வந்தது.

ஆனால் இது என் கதை இல்லை. என் மச்சான் சிங்காரத்தின் கதை. என் மனைவிக்குத் தம்பி. ஊர் சிதம்பரம். அவனைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தேன். எங்கே தொடங்குவது என்றுதான் பிடிபடவில்லை. ஏனென்றால் அவன் விஷயத்தில் எது சரி, எது தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை.

அவனுக்கு மைக் செட் தொழில். திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாவற்றுக்கும் புவனகிரி, பரங்கிப்பேட்டை வரை கூப்பிடுவார்கள். குழாய் ஸ்பீக்கரைத் தோளில் போட்டுக்கொண்டு தென்னை மரத்தில் ஏறிக் கட்டுவான். மற்றவர்கள் கட்டிவிட்டு இறங்குவார்கள். இவன் இறங்க மாட்டான். குழாய்க்குப் பக்கத்திலேயே மட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கீழே இருக்கிறவனைப் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்பான். “எறங்கி வாடா” என்று கத்தினால், “இருங்க மாமா, இதுக்கு இன்னும் மூக்கடைப்பு வுடல” என்பான். மூக்கடைப்பு விட்ட பிறகுதான் இறங்குவான்.

அவன் காதைப் பற்றி ஊரில் கதையே உண்டு. ஒரு தேர்த் திருவிழாவில் கீழ வீதியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவன், திடீரென்று டம்ளரை வைத்துவிட்டு, தெற்கு வீதியில் கட்டியிருக்கிற குழாய்களில் ஒன்றுக்கு உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது என்றான். போய்ப் பார்த்தால் கிழிந்திருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு அவனுக்குக் காது சிங்காரம் என்றே பேர். கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பான்.

2004 மார்கழியில் தேவனாம்பட்டினத்தில் ஓர் ஐயப்ப பஜனைக்கு செட் போட்டான். பஜனை முடிந்தது. மறுநாள் திருவாதிரை. அதனால் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், குழாய் எல்லாவற்றையும் பந்தலிலேயே கட்டி வைத்துவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிட்டான். காலையில் கடல் வந்தது. அவன் செட்டைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்தக் குப்பத்தில் போன உயிர்களுக்கு நடுவில் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேச அவனுக்கு வெட்கமாக இருந்தது. பொங்கல் கழிந்து கடைக்கு வந்து நின்றான்.

“மாமா, நான் லைட்டு புடிக்க மாட்டேன். கேபிளும் சுத்த மாட்டேன். சத்தம்னா நான் பாத்துக்கறேன்.”

“வந்த ஒடனே அதிகாரமா?” என்றேன்.

“காது இருக்கறவன் கேக்கறான், குடுங்க.”

கொடுத்தேன். என் கடையில் சத்தத்துக்குத் தனியாக ஆள் வைத்தது அப்போதுதான். கடலூரில் வேறு எந்த வீடியோ கடைக்காரனும் அப்படி வைத்ததில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாண வீடியோ என்றால் அதில் கல்யாணத்துச் சத்தம் இருக்காது. பெண் அழைப்புக்கு ஒரு சினிமாப் பாட்டு, நலங்குக்கு ஒன்று, சாப்பாட்டுப் பந்திக்கு ஒன்று. தாலி கட்டும்போது வருகிற கெட்டிமேளம்கூட எப்போதோ எடுத்து வைத்த ஒரே கெட்டிமேளம்தான், எல்லாத் தாலிக்கும் அதையே போடுவோம். அந்தக் கல்யாணத்தில் மேளக்காரர் என்ன வாசித்தார், மாமியார் என்ன சொன்னார் என்று யாரும் கேட்டதில்லை. கேமராவோடு பதிவான சத்தம் பாட்டுக்கு அடியில் செத்துப் போகும். எந்த இடத்தில் எந்தப் பாட்டு, எவ்வளவு உயரத்தில் என்று சிங்காரம் சொல்வான். சொன்னால் சொன்னதுதான். இப்படி மூன்று வருஷம் ஓடியது. ஒரு வாடிக்கையாளர்கூடக் குறை சொல்லவில்லை.

அப்புறம்தான் புஷ்பவள்ளி டீச்சர் வேலை வந்தது.

அந்த அம்மாள் சிதம்பரத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக் கொடுக்கிறவர். அவருடைய பள்ளியின் ஆண்டு விழாவை ஒவ்வொரு வருஷமும் நாங்கள்தான் எடுப்போம். கடல் கொண்டுபோகிற வரைக்கும் அங்கே மைக் செட் சிங்காரத்துடையதுதான். பள்ளிக்கு வெள்ளி விழா வந்தது. இத்தனை வருஷ ஆட்டத்திலும் இருந்து நல்ல துண்டுகளாக எடுத்து ஒரு படம் செய்து மேடையில் காட்ட வேண்டும், அதோடு கேசட்டில் இருப்பதை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரமாக வைக்க வேண்டும் என்றார். நியாயம்தான். கடல் காற்றில் கேசட்டுக்குப் பூஞ்சை பிடிக்கும்.

கடையில் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள் நித்யா மேரி. கடலூர் முதுநகர்ப் பெண், காலேஜ் படித்தவள், என்னைப் போல அடிபட்டுக் கற்றவள் இல்லை, ஆனாலும் கை வேகம். அவள் ஒரு நாள் காலையில் என்னையும் சிங்காரத்தையும் கூப்பிட்டாள்.

“சார், படத்தச் சின்னதாக்கிட்டேன். சத்தத்த எதுல வெக்கட்டும்? வேவ்லயே வெச்சிடலாமா, எம்பி3 ஆக்கணுமா?”

“ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?”

“வேவ்னா பதிவானது பதிவான மாதிரியே இருக்கும். எடம் ஜாஸ்தி எடுக்கும். எம்பி3ன்னா சுருக்கிடும்.”

“சுருக்கினா எது போவும்?”

“நம்ம காதுக்குக் கேக்காதத எல்லாம் அது கழிச்சிடும் சார்.”

“நம்ம காதுன்னா யாரு காது?”

“பொதுவா மனுஷங்க காது.”

“அந்த மனுஷன் யாருன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

அவள் சிரித்துவிட்டாள். “அதுலயும் நம்பர் இருக்கு சார். முந்நூத்தி இருவதுல வெச்சா கொஞ்சமாக் கழிக்கும். அறுவத்தி நாலுல வெச்சா நெறையக் கழிக்கும்.”

எனக்குத் தலை சுற்றியது. வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தால் திரும்ப எடுக்கும்போது அதே வேட்டி இருக்க வேண்டும் என்பவன் நான். மடிக்கும்போதே ஒரு முழம் கிழித்துப் போட்டுவிட்டு, உங்களுக்குத் தெரியாது, கட்டிக்கொள்ளுங்கள் என்றால் என்ன அர்த்தம்? ஆனால் அந்தப் பெண் இன்னொரு கணக்கும் சொன்னாள். வேவில் வைத்தால், சுருக்கிய படம் எவ்வளவு இடம் எடுக்கிறதோ, அதில் பாதிக்கு மேல் சத்தம் மட்டுமே எடுக்கும் என்றாள். கண்ணுக்குத் தெரிகிற படத்துக்குச் சமமாகக் கண்ணுக்குத் தெரியாத சத்தம் இடம் கேட்பதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. இரண்டு பக்கமும் குழப்பம். என்ன செய்வது? காது சிங்காரம் பக்கத்தில் நிற்கிறான்.

“மச்சான், கேட்டுச் சொல்லு.”

சிங்காரம் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். நித்யா மேரி வேவில் ஒரு துண்டு போட்டாள். பிறகு முந்நூற்று இருபதில், நூற்று இருபத்தெட்டில், அறுபத்து நாலில். எல்லாம் ஒரே ஆட்டம், டீச்சர் தாளம் தட்ட, பிள்ளைகள் சலங்கை கட்டி ஆடியது. அவன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். கடைசியில் ஹெட்போனைக் கழற்றி, “எல்லாம் ஒண்ணுதான். அறுவத்தி நாலே போதும்” என்றான்.

“அண்ணே, அது பேச்சுக்குப் போதும். இது சலங்கை, தாளம்” என்றாள் அவள்.

“ஏம்மா, நீ பொறக்கறதுக்கு முன்னால இருந்து நான் தாளம் கேக்கறேன்.”

நானும் ஹெட்போனை வாங்கிப் போட்டுக் கேட்டேன். எனக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. அறுபத்து நாலு என்று முடிவு செய்தோம். கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த கேசட்டுகளைத் தனியாக அடுக்கச் சொன்னேன். எங்கள் கடையில் வழக்கம் அது. ஏற்றிய பிறகு கேசட் சும்மா கிடக்கக் கூடாது, அடுத்த கல்யாணத்துக்கு அதிலேயே எடுப்போம். ஆவணி முகூர்த்தம் வந்தது. பழைய வருஷத்துக் கேசட்டுகள் சிலது நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டன.

படம் பாதி தயாரானதும் டீச்சர் வந்து பார்த்தார். உட்கார்ந்து இரண்டு துண்டு பார்ப்பதற்குள் கையை உயர்த்தினார்.

“என் தாளம் எங்க?”

“அதோ கேக்குதே டீச்சர்” என்றான் சிங்காரம்.

“இது தாளமா? தண்ணிக்குள்ள கரண்டியப் போட்டுக் கலக்கற மாதிரி இருக்கு. சலங்கை எல்லாம் சளசளன்னு வருது.”

“அன்னிக்கி நீங்க மெதுவாத் தட்டியிருப்பீங்க.”

டீச்சர் அவனைத் திரும்பிப் பார்த்தார். “தட்டுனது நானு. எப்பிடித் தட்டினேன்னு நீங்க சொல்றீங்களா?”

“மைக்கு வெச்சது நானு” என்றான் இவன்.

அப்புறம் ஒரு வாரம் கடையில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது. முதலில் ஸ்பீக்கர் மேல் சந்தேகம் வந்தது. மாற்றினேன். பிறகு கேபிள். அதையும் மாற்றினேன். சாப்ட்வேரில் தப்பு என்று சிங்காரம் சொன்னான். அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினோம். டீச்சர் மறுபடி வந்து கேட்டார், அதே கரண்டிதான் கலக்குகிறது என்றார். மூன்றாவது முறை சிங்காரம் நித்யா மேரியின் மேல் பாய்ந்தான்.

“நீதான் எங்கயோ தப்பா அமுக்கிட்ட.”

“நான் சொன்னப்ப நீங்க கேக்கல அண்ணே.”

“கேட்டுத்தானே சொன்னேன். கேக்காமலா சொன்னேன்?”

எனக்கு இரண்டு பக்கமும் புரியவில்லை. டீச்சர் பொய் சொல்கிறவர் இல்லை. சிங்காரம் காது பொய் சொல்லாது. என் காதிலோ எல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. ஒரு பொருள் ஒரே நேரத்தில் கெட்டும் கெடாமலும் எப்படி இருக்கும்? இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கேமரா கெட்டால் கெட்டது, பல்பு போனால் போனது. ஆளுக்கொரு விதமாகக் கெடுகிற சாமானை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“சார், ஒண்ணு செய்யலாம். இன்னும் அழிக்காத கேசட்டு ஒண்ண வேவ்ல புதுசா ஏத்தறேன். அதையும் பழைய எம்பி3யையும் மாத்தி மாத்திப் போடறேன். எது எதுன்னு சொல்ல மாட்டேன். வேவ்னு தோணறப்ப எல்லாரும் கையத் தூக்குங்க” என்றாள் நித்யா மேரி.

அன்றைக்குக் கடையில் டீச்சர் இருந்தார். சிங்காரத்தின் மனைவி மங்கலமும் இருந்தாள். கடலூர் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்க வந்தவள், புருஷனோடு சேர்ந்து ஊருக்குப் போகலாம் என்று கடையில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேவும் தெரியாது, எம்பி3யும் தெரியாது. “நீயும் தூக்கு, நல்லா இருக்கறப்ப தூக்கு” என்று சொன்னேன்.

நித்யா மேரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து மாற்றி மாற்றிப் போட்டாள். டீச்சரும் மங்கலமும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். மறுபடியும் ஒரே நேரத்தில். சொல்லி வைத்த மாதிரி. நானும் சிங்காரமும் தூக்கியது அவர்களோடும் சேரவில்லை, எங்களுக்குள்ளேயும் சேரவில்லை. ஒரு தடவை நான் தூக்கினேன், அவன் இறக்கினான். இன்னொரு தடவை அவன் தூக்கினான், பிறகு மங்கலத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிகிற மாதிரி கையை மாற்றிக்கொண்டான்.

“பொம்பளைங்க எல்லாம் பேசி வெச்சிக்கிட்டீங்க” என்றான்.

“நான் எங்கங்க பேசினேன்? இப்பதான் வந்தேன்” என்றாள் மங்கலம். “ஒண்ணுல ஜில் ஜில்னு சுத்தமா இருக்கு. ஒண்ணுல கொழகொழன்னு இருக்கு. இது கூடவா தெரியல?”

“தெரியல.”

மங்கலம் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, இத எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. இவுரு கையில கட்டியிருக்கற டிஜிட்டல் வாட்ச்ல அலாரம் வெச்சிட்டுத்தான் படுப்பாரு. காலையில அது பீப் பீப்னு கத்திக்கிட்டே கெடக்கும். இவுரு கைய தலைக்குக் கீழ வெச்சிக்கிட்டுத் தூங்குவாரு. நான் வந்து நிறுத்துவேன். ஒழைச்சிட்டு வந்த அசதின்னு நெனைச்சேன். முழிச்சிருக்கறப்பவும் ஒரு நாள் அடிச்சிச்சி. அப்பவும் திரும்பிப் பாக்கல.”

டீச்சர் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். நித்யா மேரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிங்காரம் எழுந்து செருப்பைப் போட்டான்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சி” என்றான். மங்கலத்தைக்கூடக் கூப்பிடவில்லை. அவள்தான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

மறுநாள் அவன் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. கடையில் வேலை நிற்கவில்லை, என் கடையில் எதற்காகவும் வேலை நின்றதில்லை. கல்யாணங்களுக்குப் பாட்டு நானே போட்டேன். ஆனால் டீச்சர் படத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. மிச்சக் கேசட்டுகளை நித்யா மேரி வேவில் மறுபடி ஏற்ற ஆரம்பித்தாள், அதற்காகப் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டேன். கல்யாணத்துக்குப் போய்விட்ட கேசட்டில் இருந்தது போனது போனதுதான். அதில் டீச்சரின் முதல் செட் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் இருந்தது. படம் இருக்கிறது, சத்தம் கொழகொழ.

“அந்த ஆட்டம் இல்லாம எனக்குப் படமே வேணாம். தாளத்தையும் ஜதிச் சொல்லுக்கட்டையும் நான் இப்ப மறுபடி படத்தப் பாத்து செய்யறேன், நீங்க பதிவு பண்ணி ஒட்டிடுங்க. சலங்கைக்கு ரெண்டு புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வரேன்” என்றார் டீச்சர். பிறகு கேட்டார், “மைக்கு யாரு வெப்பாங்க?”

“என் மச்சான்தான்” என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது. டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சிதம்பரத்துக்குப் போனேன். சிங்காரம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, வாட்சைக் கழற்றிக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் இறக்கினான்.

“இப்ப அடிக்குதா மாமா?”

வாங்கிக் காதில் வைத்தேன். எனக்குக் கேட்டது. கேட்டது என்றுதான் நினைக்கிறேன். ரொம்ப தூரத்தில், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு விசில் அடிக்கிற மாதிரி ஏதோ ஒன்று. “அடிக்குது” என்றேன்.

“எனக்கு இல்ல.” வாட்சை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “ஆனா மாமா, நீங்க பேசறது கேக்குது. மேல வீதியில பஸ்ஸு திரும்பறது கேக்குது. பக்கத்து வீட்டுல அம்மி அரைக்கறது கேக்குது. எல்லாம் கேக்குதுன்னுதானே நான் நெனைச்சேன். இல்லாத ஒண்ணு இல்லைன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

நான் ஊரில் பல பேருக்குப் பஞ்சாயத்து பேசித் தீர்த்தவன். அண்ணன் தம்பி பாகப் பிரிவினையை எல்லாம் முடித்து வைத்திருக்கிறேன். இதற்குப் பதில் கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், எனக்கும் எது கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து ஊரில் எத்தனை சத்தம் இருக்கிறது என்று கவனித்தேன். கவனிக்கக் கவனிக்கக் குழப்பம்தான் ஜாஸ்தியானது.

மங்கலம் காபி கொண்டு வந்து வைத்தாள். “சாப்பிடவும் மாட்டேங்கறாரு, பேசவும் மாட்டேங்கறாரு. நான் சொன்னது தப்பாண்ணே?” என்றாள்.

“நீ சொன்னது தப்பில்ல. ஊரு முன்னால சொன்னதுதான்” என்றான் சிங்காரம்.

“ஊரா? நாலு பேரு இருந்தோம்.”

“அதுல ஒருத்தரு டீச்சரு.”

காபியைக் குடித்து முடித்தேன். பிறகுதான் டீச்சர் மறுபடி தாளம் தட்டப் போகிற விஷயத்தைச் சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேற ஆள வெச்சி எடுத்துக்குங்க மாமா. காது போன மைக் செட்டுக்காரன் எதுக்கு?”

“சரி, வெச்சிக்கறேன். பண்ருட்டியில ஒருத்தன் இருக்கான், போன் பண்ணணும்.”

“பண்ருட்டியில எவன்?” நிமிர்ந்தான். “அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடியா? அவன் மைக்க வாயிக்குள்ள சொருவிடுவான். தாளத்துக்கு எங்க வெக்கணும்னு அவனுக்கு என்னா தெரியும்?”

“ஒனக்குத் தெரியுதுன்னா வா. இல்லன்னா அவன்தான்.”

“அவன நெனைச்சாலே பத்திக்கிட்டு வருது.” சட்டைப் பையில் இருந்து வாட்சை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டே, “அந்தப் பொண்ணு சிரிச்சா நான் அப்பவே கெளம்பிடுவேன்” என்றான்.

“அவ சிரிக்க மாட்டா.”

“நீங்களும் சிரிக்கக் கூடாது.”

நான் எதற்குச் சிரிக்கப் போகிறேன்? என் கையே அன்றைக்குத் தாறுமாறாகத் தூக்கியது.

பதிவு செய்கிற அன்று கடையின் உள் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டோம். எல்லோருக்கும் வியர்வை. டீச்சர் பாயில் கைத்தாளத்தோடு உட்கார்ந்தார், எதிரே டிவியில் பழைய ஆட்டம். இரண்டு பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். சிங்காரம் டீச்சருக்கு வணக்கம் வைத்தான். “வாங்க” என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு.

மைக் ஸ்டாண்டை டீச்சர் கைக்கு நேராக வைத்தான். தட்டச் சொன்னான். பின்னால் இழுத்தான். உயர்த்தினான், கழுத்தை வளைத்தான். ஹெட்போனை மாட்டிக் கேட்டான். கண்ணை மூடினான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்து மேல் உட்கார்ந்து குழாயைக் கேட்பவனின் முகம்தான் அது, ஆனால் கண் இமை துடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

சிங்காரம் ஹெட்போனைக் கழற்றி நித்யா மேரியிடம் நீட்டினான்.

“பாப்பா, நீ போட்டுக்க. ஜில்லுன்னு வருதான்னு மட்டும் சொல்லு.”

இத்தனை வருஷத்தில் சத்தத்தைப் பற்றி அவன் இன்னொருத்தரைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணும் சட்டென்று வாங்கி மாட்டிக்கொண்டாள். டீச்சர் தட்டினார்.

“வருதுண்ணே. ஆனா ரொம்பக் குத்துது.”

அவன் மைக்கை ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் திருப்பினான். “இப்ப?”

“இப்ப நல்லா இருக்கு.”

“குடு.” வாங்கி அவனும் போட்டுக் கேட்டான். முகம் சுருங்கியது. “கீழ ஒரு டொம்மு வருதே, அது உனக்குக் கேக்குதா?”

“இல்லையேண்ணே.”

“எனக்குக் கேக்குது. புள்ளைங்க காலு தரையில படறது ஸ்டாண்டு வழியா ஏறுது.” பழைய போர்வை ஒன்றை மடித்து ஸ்டாண்டுக்குக் கீழே வைத்துவிட்டு ஹெட்போனை மறுபடி அவளிடம் கொடுத்தான். “இப்ப நீ கேளு.”

அப்படியே நீயா நானா என்று ஹெட்போன் கை மாறிக்கொண்டே இருந்தது. அவளுக்குக் கேட்பது அவனுக்குக் கேட்காது, அவனுக்குக் கேட்பது அவள் கவனிக்க மாட்டாள். நடுவில் என்னையும் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். எனக்கு எல்லாம் நன்றாகவே இருந்தது. என் அபிப்பிராயத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பதிவானதை வேவில் வைக்கச் சொன்னேன், அதற்காவது தலையாட்டினார்கள்.

வெள்ளி விழாவுக்குச் சிதம்பரத்தில் கூட்டம் நன்றாக வந்தது. மண்டபத்துக்குள் மைக் செட் சிங்காரத்துடையது இல்லை, வாடகைக்கு எடுத்தது. அவன் எல்லாருக்கும் பின்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் மங்கலம். நான் அவர்களுக்கு முன் வரிசை. விளக்கை அணைத்தார்கள், திரையில் படம் ஓடியது. டீச்சரின் முதல் செட் பிள்ளைகள் வந்தபோது, சலங்கையில் அந்த ஜில் வருகிறதா என்று அவன் மங்கலத்தைக் கேட்பது என் காதுக்கு வந்தது.

“இருக்கா?”

“இருக்கு” என்றாள் மங்கலம்.

அடுத்த வருஷத்து ஆட்டம் வந்தது.

“இருக்கா?”

“இருக்குங்க.”

படம் பாதி ஓடுவதற்குள் அக்கம்பக்கத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் விடவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் கேட்டான். கடைசியில் மங்கலத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

“எல்லாத்துலயும் இருக்கு. பேசாம ஆட்டத்தப் பாருங்க.”

“ஆட்டத்த யாரு பாக்க வந்தா?” என்றான் சிங்காரம். “ஒனக்கு வாய் வலிக்கலைன்னா, அது எப்பிடி இருக்குன்னு கொஞ்சம் சொல்லேன்.”

அவள் அவன் காதோரம் குனிந்து சொல்ல ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.